விழுந்தால் தோல்வி இல்லை... திரும்பி வராவிட்டால்தான் தோல்வி!

2001-ல் வந்த ஒரு வீடியோ கேமை இன்றும் உயிரோடு வைத்திருக்கும் 'மீட்சி' வித்தைகள்

சண்டை கேம் என்றதும் உங்கள் நினைவுக்கு என்ன வருகிறது? இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். திரையின் மேலே ஆளுக்கொரு உயிர்க்கோடு இருக்கும். அடி விழ விழக் கோடு தேய்ந்துகொண்டே போகும். தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' காலத்திலிருந்து பெரும்பாலான சண்டை கேம்களின் இலக்கணம் இதுதான்.

இந்த இலக்கணத்தைத் தலைகீழாகப் புரட்டிய ஒரு கேம் உண்டு. அதன் பெயர் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ'. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் தன் 'கேம்கியூப்' கருவிக்காக 2001 நவம்பரில் வெளியிட்டது. மரியோ, பிகாச்சு, கிர்பி என்று குழந்தைகளுக்குத் தெரிந்த முகங்களெல்லாம் இதில் மோதிக்கொள்ளும். பார்த்தால் கார்ட்டூன். ஆனால், வந்து இருபது ஆண்டுகளைத் தாண்டியும் இதற்குப் போட்டிகள் நடக்கின்றன, ரசிகர்கள் அரங்கம் நிறைய உட்கார்ந்து கத்துகிறார்கள்.

காரணம், அதில் அடிப்பதைவிட அடிபட்டபின் திரும்பி வருவதுதான் பெரிய வித்தை!

உயிர்க்கோடு இல்லாத சண்டை

மெலீயில் உயிர்க்கோடு கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு சதவிகித எண் இருக்கும். ஆரம்பத்தில் 0%. அடி வாங்க வாங்க அது ஏறும். 30 ஆகும், 80 ஆகும், 150-ஐத் தாண்டினாலும் நீங்கள் சாகமாட்டீர்கள். ஆனால் எண் ஏற ஏற, ஒவ்வொரு அடிக்கும் இன்னும் தூரமாகப் பறப்பீர்கள். அந்தரத்தில் மிதக்கும் மேடையைத் தாண்டி, திரைக்கு வெளியே போய்விட்டால்தான் ஓர் உயிர் போகும். போட்டிகளில் பொதுவாக ஆளுக்கு 4 உயிர், ஓர் ஆட்டத்துக்கு 8 நிமிடம்.

ஆக, மேடையிலிருந்து தூக்கி எறியப்படுவதற்கும் உயிர் போவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. இரண்டு, மூன்று விநாடிகள்தான். அந்த விநாடிகளில் காலுக்குக் கீழே தரை இல்லை, எதிரி மேடையின் ஓரத்தில் காத்திருக்கிறார், நீங்கள் திரும்பி வர வேண்டும். விளையாடுபவர்கள் இதை 'ரெக்கவரி' என்கிறார்கள். நம்மூர் மொழியில் மீட்சி.

கபடி பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். எதிரணிக் களத்துக்குள் பாடிப்போனவர் இரண்டு பேரைத் தொட்டுவிட்டார் என்பது மட்டும் போதாது. மூச்சுவிடாமல் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்பது அவர் திரும்பும் அந்த நேரத்தில்தான். மெலீயிலும் அப்படியே.

பறக்கும்போதே தொடங்குகிறது மீட்சி

புதிதாக விளையாடுபவர், அடிபட்டதும் கன்ட்ரோலரை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார். 'அடி விழுந்தாச்சு, இனி என்ன செய்ய?' என்ற எண்ணம். அனுபவசாலிக்கு வேலை தொடங்குவதே அந்த நொடியில்தான்.

முதல் வித்தையின் பெயர் 'டி.ஐ.' அதாவது, அடிபட்டுப் பறக்கும் திசையைக் கொஞ்சம் வளைப்பது. அடி விழும் நொடியில் ஸ்டிக்கைச் சரியான பக்கம் சாய்த்துப் பிடித்தால், பறக்கும் கோணத்தை அதிகபட்சம் 18 டிகிரி வரை மாற்றலாம். அடியின் வேகத்தைக் குறைக்க முடியாது, திசையை மட்டும்தான் மாற்ற முடியும். ஆனால் அதுவே போதும்! பக்கவாட்டில் பறந்தால் திரையின் ஓரம் பக்கத்திலேயே இருக்கிறது. அதையே மேல் மூலையை நோக்கி வளைத்துவிட்டால், கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது. செத்திருக்க வேண்டியவர் பிழைத்துக்கொள்வார்.

இரண்டாவது வித்தை 'டெக்'. தரையிலோ சுவரிலோ மோதும் சமயத்தில் தோள் பட்டனை அமுக்கினால், பொத்தென்று விழாமல் சட்டென்று சமாளித்து எழுந்துவிடலாம். மேடைக்குக் கீழே அடிபட்டு, மேடையின் பக்கச் சுவரில் மோதிப் பள்ளத்தில் விழப்போகிறவரைக்கூட இது காப்பாற்றும்.

இதில் ஒரு நுட்பமான கண்டிப்பு இருக்கிறது. மெலீ ஒரு விநாடிக்கு 60 படங்களாக ஓடுகிறது. ஒரு படத்தை 'ஃபிரேம்' என்பார்கள். மோதுவதற்கு முந்தைய 20 ஃபிரேமுக்குள், அதாவது விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் பட்டனை அமுக்கினால் டெக் கிடைக்கும். பயந்துபோய் முன்கூட்டியே அமுக்கிவிட்டால்? அமுக்கியதிலிருந்து 40 ஃபிரேம் ஆகும்வரை, மறுபடி அமுக்குவது கணக்கிலேயே வராது. பதற்றத்தில் பட்டனைப் படபடவென்று தட்டுபவர் தரையில் கிடப்பார். 'இப்போது' என்று பார்த்து ஒரே ஒருமுறை அமுக்கியவர் எழுந்து நிற்பார்.

ஆளுக்கொரு வழி

பறந்து முடித்தாயிற்று. இனி மேடைக்குத் திரும்ப வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது, அந்தரத்தில் இன்னொரு தாவல். அதற்குமேல் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தனி வழி.

பிகாச்சு மின்னல் வேகத்தில் இரண்டு திசைகளில் அடுத்தடுத்துப் பாயும். இளவரசி பீச் சிறிது நேரம் அந்தரத்தில் மிதப்பாள், பிறகு குடையை விரித்துக்கொண்டு இறங்குவாள். சாமஸ் தன் கையிலிருந்து ஒளிக்கயிற்றை வீசிச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். நெஸ் என்ற சிறுவனின் வழிதான் விசித்திரம். ஒரு மின்னல் உருண்டையை வெளியே அனுப்பி, அதை வளைத்துக் கொண்டுவந்து தன் மேலேயே மோதவிட வேண்டும். அந்த உதையில்தான் அவன் பறப்பான். எதிரி நடுவில் புகுந்து அந்த உருண்டையை வாங்கிக்கொண்டால், நெஸ் கதை முடிந்தது.

பலூன் போன்ற ஜிக்ளிபஃப் அந்தரத்திலேயே ஐந்து முறை தாவும். மிக லேசான உடம்பு, பலமான அடி விழுந்தால் சீக்கிரம் பறந்துவிடும். ஆனால் மேடைக்கு வெளியே அதற்குப் பயமே கிடையாது. மற்றவர்களுக்குப் பள்ளமாக இருக்கும் இடம் அதற்கு வீட்டு முற்றம். இந்த ஜிக்ளிபஃபை வைத்துக்கொண்டுதான் அமெரிக்க வீரர் ஹங்கிரிபாக்ஸ், 2016-ல் லாஸ் வேகஸில் நடந்த 'எவோ' இறுதிப்போட்டியில் ஸ்வீடனின் அர்மாடாவை வென்றார்.

விளிம்பில் நிற்கும் எதிரி

'வழி இருக்கிறதே, பிறகென்ன?' என்று கேட்கலாம். வழி இருப்பது எதிரிக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல்.

நரி முகம் கொண்ட ஃபாக்ஸை எடுத்துக்கொள்வோம். போட்டிகளில் மிக அதிகம் விளையாடப்படும் பாத்திரங்களில் ஒன்று. திரும்பி வர அதற்கு இரண்டு பெரிய வழிகள். ஒன்று, பக்கவாட்டில் நேர்கோட்டில் சீறிப்பாய்வது. வேகமானது, ஆனால் மேலே ஏறாது. இன்னொன்று, உடம்பு முழுக்க நெருப்பு மூட்டி, விரும்பிய திசையில் ராக்கெட்போலக் கிளம்புவது. ஆனால் கிளம்பும் முன் முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக அந்தரத்தில் அப்படியே நிற்க வேண்டும். அதற்குள் எதிரி வந்து ஓர் உதை விடலாம். அந்தப் பாய்ச்சல் முடிந்தால், தரையைத் தொடும்வரை எதுவும் செய்ய முடியாமல் விழவும் வேண்டும்.

மேடையின் விளிம்பைப் பிடித்துத் தொங்கலாம். பிடித்த அடுத்த சில கணங்களுக்கு யாரும் அடிக்க முடியாத பாதுகாப்பும் கிடைக்கும். ஆனால், மெலீயில் ஒரு விளிம்பில் ஒருவர்தான் தொங்க முடியும். இதைத்தான் எதிரி பயன்படுத்துகிறார். நீங்கள் வருவதற்குள் அவர் போய் விளிம்பைப் பிடித்துத் தொங்குவார். உங்கள் கை எட்டும் தூரத்தில் விளிம்பு இருக்கும், ஆனால் இடம் இருக்காது. அவர் உங்களை ஓர் அடிகூட அடிக்கவில்லை. நீங்களாகவே கீழே போய்விடுவீர்கள்.

அதனால் நல்ல ஆட்டக்காரர் ஒரே வழியில் இருமுறை வரமாட்டார். ஒருமுறை விளிம்பைக் குறிவைப்பார். அடுத்த முறை எதிரியின் தலைக்கு மேலே போய் மேடையின் நடுவில் இறங்குவார். இன்னொரு முறை, எதிரி தாவி வரட்டும் என்று கொஞ்சம் தாமதித்துவிட்டுப் பிறகு கிளம்புவார். ஃபாக்ஸ் தன் பக்கவாட்டுப் பாய்ச்சலை நடுவிலேயே வெட்டிச் சுருக்கவும் முடியும். வழிகள் குறைவுதான். ஆனால் எந்த வழி என்று எதிரிக்குத் தெரியாதவரை, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள்.

வழுக்கிப்போகும் கால்கள்

மேடைக்கு வந்து சேர்ந்தவுடன் இன்னொரு பாடம் ஆரம்பிக்கிறது. நிற்பது, நகர்வது.

மெலீயின் புகழ்பெற்ற வித்தை 'வேவ்டேஷ்'. இந்த கேமில் அந்தரத்தில் இருக்கும்போது தோள் பட்டனை அமுக்கினால், ஸ்டிக் காட்டும் திசையில் ஒதுங்கித் தப்பலாம். ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாவிக் காற்றில் எழுந்த முதல் கணத்திலேயே, சாய்வாகத் தரையை நோக்கி ஒதுங்கினார்கள். பாத்திரம் தரையில் மோதி, அந்த வேகம் முழுவதும் வழுக்கலாக மாறியது. ஈரத் தரையில் செருப்புக் காலோடு சர்ரென்று போவது போல!

இதனால் என்ன லாபம்? ஓடும்போது ஒரு பாத்திரத்தால் சில அடிகளை மட்டுமே அடிக்க முடியும். வேவ்டேஷில் வழுக்கும்போது, கணக்குப்படி பாத்திரம் 'நின்றுகொண்டு' இருக்கிறது. பின்னால் நகர்ந்துகொண்டே முன்னால் முகத்தை வைத்திருக்கலாம். வழுக்கியபடியே எந்த அடியையும் அடிக்கலாம். பச்சைச் சட்டை லூயிஜியின் காலணிக்குப் பிடிமானம் குறைவு என்பதால், அவர் வழுக்கும் தூரம் மற்றவர்களைவிட மிக அதிகம்.

இன்னொன்று 'எல்-கேன்சல்'. காற்றில் அடித்துக்கொண்டே தரையிறங்கினால் பாத்திரம் சில கணங்கள் அசைய முடியாமல் நிற்கும். தரையைத் தொடுவதற்கு முந்தைய 7 ஃபிரேமுக்குள் தோள் பட்டனை அமுக்கினால், அந்தத் தடுமாற்றம் பாதியாகிவிடும். 7 ஃபிரேம் என்பது விநாடியில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒவ்வொரு தரையிறக்கத்துக்கும் இதைச் செய்ய வேண்டும்.

மீட்சியும் நகர்வும் கைகோக்கும் இடம் 'லெட்ஜ்டேஷ்'. விளிம்பில் தொங்குபவர் கையை விட்டு, உடனே அந்தரத்தில் தாவி, மேடையின் மேல் வேவ்டேஷ் செய்து வழுக்கி ஏறுவார். சரியாகச் செய்தால், விளிம்பைப் பிடித்ததால் கிடைத்த பாதுகாப்பு மேடைக்கு வந்த பிறகும் கொஞ்சம் மிச்சமிருக்கும். விழுந்து கிடந்தவர், எழுந்த வேகத்தில் எதிரியைத் துரத்துவார். தவறாகச் செய்தால், ஏற வேண்டியவர் நேராகப் பள்ளத்துக்குள் போவார். எத்தனையோ பேர் இந்த ஒரே அசைவை மணிக்கணக்கில் தனியாக உட்கார்ந்து பழகுவதற்குக் காரணம் இதுதான்.

எளிதாக்கியபோது என்ன ஆனது?

இந்த கேமை உருவாக்கியவர் மசாஹிரோ சகுராய். குழந்தைகளும் முடிக்கக்கூடிய எளிய கேமாக 'கிர்பி'யை உருவாக்கியவர். ஸ்மாஷ் பிறந்ததற்கு அவர் சொல்லும் ஒரு காரணம் சுவாரஸ்யமானது. 1990-களில் ஒரு கேம் கடையில் சண்டை கேம் ஆடி எதிராளியை வெளுத்து வாங்கியிருக்கிறார். பிறகு பார்த்தால், எதிரே உட்கார்ந்திருந்தது விளையாடவே தெரியாத ஒரு ஜோடி. அது அவர் மனதை உறுத்தியது. புதியவர்களும் சந்தோஷமாக ஆடக்கூடிய சண்டை கேம் வேண்டும் என்று யோசித்தார்.

அப்படிப் புதியவர்களுக்காகப் பிறந்த கேம், உலகின் மிகக் கடினமான போட்டி கேம்களில் ஒன்றாக மாறியதுதான் வேடிக்கை. வேவ்டேஷ் செய்ய முடியும் என்பது தயாரிப்பின்போதே தங்களுக்குத் தெரியும் என்று சகுராய் பின்னாளில் சொன்னார். மெலீ புதியவர்களுக்குக் கடினமாகிவிட்டது என்ற வருத்தமும் அவருக்கு இருந்தது.

2008-ல் அடுத்த பாகமான 'பிரால்' வந்தது. வேவ்டேஷ் இல்லை, எல்-கேன்சல் இல்லை. விழும் வேகம் குறைந்தது. விளிம்பைப் பிடிப்பது எளிதானது. ஓடும்போது பாத்திரம் தானாகத் தடுக்கி விழுவதைக்கூடச் சேர்த்திருந்தார்கள். குடும்பங்கள் அதைக் கொண்டாடின. உலகம் முழுக்க 1 கோடியே 30 லட்சத்துக்கு மேல் விற்றது. மெலீ விற்றதைவிட இது மிக அதிகம்.

ஆனால் போட்டி ஆட்டக்காரர்களில் பலர் பழைய மெலீக்கே திரும்பினார்கள். திரும்பி வருவது எளிதானால், திரும்பி வந்தவருக்குக் கைதட்ட என்ன இருக்கிறது? இது அவர்கள் கட்சி. எல்லோரும் ஒன்றாகச் சிரித்து விளையாட ஒரு பொம்மை வேண்டும். இது சகுராயின் கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

கேமே விளிம்பிலிருந்து திரும்பியது

தயாரித்த நிறுவனம் அடுத்த பாகத்துக்குப் போய்விட்டது. கருவியும் கடைகளில் இல்லை. அந்த நிலையில் மெலீயைத் தாங்கிப்பிடித்தவர்கள் ஆட்டக்காரர்களே.

2013-ல் 'எவோ' போட்டியில் கடைசி இடம் எந்த கேமுக்கு என்பதை நன்கொடை மூலம் தீர்மானித்தார்கள். பணம் முழுவதும் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு. மெலீ ரசிகர்கள் மட்டும் 94,000 டாலருக்கு மேல் கொடுத்து, 12 வயதான தங்கள் கேமை மேடை ஏற்றினார்கள். போட்டி நெருங்கிய ஜூலை மாதம், ஒளிபரப்பக் கூடாது என்று நின்டெண்டோ சொன்னது. ரசிகர்கள் கொதித்தார்கள். சில மணி நேரத்திலேயே தடை விலகியது. மேங்கோ என்ற கலிஃபோர்னியா வீரர் அந்த ஆண்டு பட்டம் வென்றார்.

போட்டிகளுக்கு அவர்கள் தூக்கிக்கொண்டு வரும் டிவியைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நம் வீட்டுப் பரணில் தூங்கும் அதே பிக்சர் டியூப் டிவி! புதிய தட்டை டிவிகளில் பட்டனை அமுக்குவதற்கும் படம் அசைவதற்கும் நடுவே சிறு தாமதம் வரும். 7 ஃபிரேம் கணக்கு பார்ப்பவர்களுக்கு அது ஆகாது. ஊரே தூக்கிப்போட்ட குண்டு டிவிகளை இவர்கள் தேடித் தேடிச் சேகரிக்கிறார்கள்.

2020-ல் கொரோனா வந்து அரங்கங்கள் மூடின. அந்த ஜூன் மாதம், 'ஸ்லிப்பி' என்ற மென்பொருளின் புதிய பதிப்பை ரசிகர் ஒருவர் வெளியிட்டார். எதிராளி அடுத்து எந்த பட்டனை அமுக்குவார் என்று கணித்து ஆட்டத்தை ஓட்டும், கணிப்பு தவறினால் கண் இமைக்கும் நேரத்தில் திருத்திக்கொள்ளும். வேறு வேறு ஊர்களில் இருப்பவர்கள் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடுவதுபோல மோத முடிந்தது. அதே நவம்பரில், ஸ்லிப்பி வழியாக நடக்கவிருந்த 'தி பிக் ஹவுஸ்' போட்டியை நிறுத்தும்படி நின்டெண்டோ கேட்க, அது ரத்தானது. மெலீ அதற்குப் பிறகும் நின்றுவிடவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது ஆடுகிறார்களா?

மெலீ பழைய கருவிக்காக வந்த கேம். ஆனால் இதே இலக்கணத்தில் மொபைலில் இலவசமாக ஆடக்கூடிய 'பிரால்ஹல்லா' போன்ற கேம்கள் உண்டு. உள்ளே காசு கொடுத்து வாங்கும் பொருட்களும் உண்டு. பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்கும் முன், பணம் செலுத்தும் வசதியைப் பூட்டிவையுங்கள்.

புதிதாக ஆடுபவர்களுக்கு நான்கு குறிப்புகள்:

* அந்தரத் தாவலை அவசரத்தில் செலவழிக்காதீர்கள். அடிபட்டதும் பதறித் தாவுவதுதான் புதியவர்கள் உயிரைவிடும் முதல் காரணம். அது கையில் இருக்கும்வரை உங்களுக்கு இரண்டு வழி, போய்விட்டால் ஒரே வழி.

* மேடையைப் பார்ப்பதற்கு முன் எதிரியைப் பாருங்கள். அவர் விளிம்பில் இருந்தால் மேலே வாருங்கள், நடுவில் இருந்தால் விளிம்புக்கு வாருங்கள்.

* சண்டைக்கு முன் தனியாக நகர்ந்து பழகுங்கள். கைக்கு அசைவு பழகினால்தான் மூளை எதிரியைக் கவனிக்கும்.

* கை வலித்தால் நிறுத்துங்கள். வேகமான பட்டன் அசைவுகளால் மணிக்கட்டும் விரல்களும் பாதிக்கப்பட்டு, ஓய்வெடுக்க நேர்ந்த ஆட்டக்காரர்கள் இந்த உலகில் நிறைய. வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 'தோத்துட்டியா?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'எப்படிடா அங்கேயிருந்து திரும்பி வந்தே?' என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். பதில் சொல்ல அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். அந்த அரை மணி நேரம் போனும் கீழே இருக்கும்!